கொசுப்பொறி

வீட்டைச் சுற்றித் திரியும் கொசுக்களையும் கடிக்கும் நுண்ணீக்களையும் ஈர்த்துப் பிடிக்கும் கருவி. மிக எளியது முட்டைப் பொறி. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவைக் கண்காணிக்க 1960களில் அமெரிக்காவில் உருவானது. கறுப்பு டப்பா, பாதியளவு தண்ணீர், உள்ளே சாய்த்து வைத்த சொரசொரப்பான மரப்பலகைத் துண்டு, அவ்வளவுதான். பெண் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரப் பலகையில் முட்டையிடும். உற்றுப் பார்த்தால் கரும்புள்ளிகளாகத் தெரியும்.

சிங்கப்பூரில் இதனுள் வலை பொருத்தினார்கள். புழுக்கள் வலைக்கண் வழியே நீருக்குள் இறங்கிவிடும். கொசுவான பின் வெளியேற முடியாமல் அங்கேயே சாகும். 1970களில் பாயா லேபார் விமான நிலையத்தில் இது நல்ல பலன் தந்தது. வலையில்லாத பொறியை வாரந்தோறும் கொட்டிக் கழுவாவிட்டால் அதுவே கொசுப் பண்ணையாகிவிடும்.

ஸ்காட்லாந்து மலைப்பகுதியை வாட்டும் மிட்ஜ் என்னும் நுண்ணீக்கு வேறு உத்தி. எரிவாயுவை எரித்துக் கரியமில வாயு வெளியிடும் பொறி அது. மூச்சுக்காற்றென்று நம்பி வருபவற்றை விசிறி உள்ளே இழுத்துக்கொள்ளும். சாதாரணக் கொசுவலைக்குள்ளும் மிட்ஜ் புகுந்துவிடும் என்பதால் பொறியின் வலை மிக நெருக்கமானது. ஆட்கள் அமரும் இடத்தருகே இதை வைக்கக்கூடாது.

கடைகளில் கண்ணைப் பறிக்கும் நீல ஒளி விளக்கை நம்பிப் பயனில்லை; அதில் கருகுபவை பெரும்பாலும் கடிக்காத பூச்சிகளே.