இன்டர்வியூ, நுழைவுத் தேர்வு, கவுன்சலிங்: ஒரு கணக்கு வாத்தியாரின் நினைவுகள்

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் ப்ளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

நேற்று சாயங்காலம் பழைய மாணவர் ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு திண்டிவனம் வீட்டுக்கு வந்தார். கணக்கில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88. கணக்கு முழுதாக, மற்ற இரண்டும் பாதியாக: 92+42+44. கட்-ஆஃப் 178. "சார், கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா? இல்லன்னா கிடைச்சத எடுத்துட்டு, ரெண்டாம் வருஷம் பிராஞ்ச் மாத்திக்கலாமா?" என்றார். "முதல்ல காபி சாப்பிடுப்பா" என்றேன். பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் பி.யூ.சி. படித்தது எழுபதுகளின் தொடக்கத்தில். அன்று நம் தென்னார்க்காடு மாவட்டத்துப் பிள்ளைக்கு இன்ஜினீயரிங் என்றால் கிண்டி, இல்லாவிட்டால் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். மதிப்பெண் மட்டும் போதாது, இன்டர்வியூவும் உண்டு. வேட்டி கட்டிய அப்பாவின் பின்னால் நின்ற என்னைப் போன்றவர்களுக்கு அந்த அறைக்குள் நாக்கு எழாது. எனக்கு இடம் கிடைக்கவில்லை. பி.எஸ்ஸி. கணக்கு படித்தேன். அதனால்தான் உங்களுக்கு வாத்தியார் ஆனேன், வருத்தமில்லை.

1978-இல் ப்ளஸ் டூ வந்தது. 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் இன்டர்வியூ போய் நுழைவுத் தேர்வு வந்தது. சுயநிதிக் கல்லூரிகள் தொடங்கியதும் அந்த ஆண்டுகளில்தான். 1987 சாலை மறியலையும் துப்பாக்கிச் சூட்டையும் நம் விழுப்புரம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1989-இல் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு வந்தது. அதற்குப் பிறகுதான் என் வகுப்பில் கரும்பு வெட்டுகிறவர், மணிலாக்கொட்டை போடுகிறவர் வீட்டுப் பிள்ளைகளும் 'இன்ஜினீயர்' என்ற சொல்லைத் தயங்காமல் சொல்லக் கேட்டேன்.

நுழைவுத் தேர்வு இன்டர்வியூவைவிட நேர்மையானதுதான். ஆனால் அதற்கும் கோச்சிங் என்று ஒரு விலை இருந்தது. ப்ளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, மொத்தம் 300. மரக்காணம் பக்கத்துப் பையன் அந்த நூறில்தான் சறுக்குவான். பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைக்குப் பின் சட்டம் வந்து, 2007 சேர்க்கையிலிருந்து அந்தத் தேர்வே இல்லை. 2010-இல் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை வந்தது. 2021-இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு வந்தது. இன்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளே இருக்கின்றன. பஸ் பாஸ் தூரத்தில் இன்ஜினீயரிங்! என் அப்பா நம்பியிருக்க மாட்டார்.

இனி அந்த பிராஞ்ச் விஷயம்.

ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் 1997-இல் தொடங்கியது. மறு வருஷம் ஒரு மாணவனுக்குத் துணையாகப் போனேன். அவன் அப்பா கொத்தனார். விடியற்காலை பஸ் பிடித்து மூவரும் கிண்டி போனோம். திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. உள்ளே போனால் முடிவு செய்யச் சில நிமிடங்கள்தான். பையன் "சிவில் சார்" என்றான். அப்பாவோடு சாரம் ஏறி வளர்ந்த பிள்ளை. நான்தான் காதோடு, "கம்ப்யூட்டர் எடுடா, அமெரிக்கா போகலாம்" என்றேன். அவன் அப்பா என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "சார் சொல்றத கேளு" என்றார்.

ஒரு வருஷம் கழித்து மாறிக்கொள்ளலாம் என்று அவனைத் தேற்றியதும் நான்தான். கல்லூரியில் கேட்டான். சிவிலில் காலியிடம் இல்லை என்றார்கள். 2002-இல் படித்து முடித்தபோது அமெரிக்காவில் டாட்-காம் சரிந்து, இங்கேயும் வேலைக்கு ஆள் எடுப்பது குறைந்திருந்தது. மூன்று வருஷம் அலைந்தான்.

பிராஞ்ச் மாறுவதன் கணக்கு இன்றும் பெரிதாக மாறவில்லை. முதலாண்டில் கணக்கு, இயற்பியல், வேதியியல் என்று பெரும்பாலும் எல்லாருக்கும் பொதுவான பாடங்கள். மூன்றாம் செமஸ்டரில் பிரிந்துவிடும். எனவே மாறுவதற்கு வாசல் அந்த இடத்தில் ஒருமுறைதான் திறக்கும். அதுவும் காலியிடம் இருந்தால், முதலாண்டு மதிப்பெண் வரிசைப்படி. எல்லாரும் கேட்கும் பிராஞ்சில் காலியிடம் எங்கிருந்து வரும்? அதை நம்பிச் சேராதீர்கள்.

அதைவிட நல்ல வழி முன்னாலேயே இருக்கிறது. 2018 முதல் கவுன்சலிங் ஆன்லைன். காதோடு சொல்லும் வாத்தியார் உள்ளே வர முடியாது, அதுவே நல்லது! விருப்பப் பட்டியலை மேலிருந்து கீழாகத்தான் பார்ப்பார்கள். கிடைக்காது என்று பயந்து, ஆசைப்பட்டதைக் கீழே போடாதீர்கள். மேலே போட்டால் நஷ்டமில்லை. கிடைத்ததை ஏற்றுக்கொண்டு, மேலே உள்ளதற்குக் காத்திருக்கவும் வழி உண்டு.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம், "உனக்கு எதும்மா பிடிக்கும்?" என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் வாய் திறக்கப் போனார். "நீ சும்மா இருப்பா" என்றேன். மெதுவாக, "எலக்ட்ரிக்கல், தாத்தா" என்றாள்.

அந்தக் கொத்தனார் மகன் இப்போது வங்கியில் இருக்கிறான். போன வருஷம் ஊரில் வீடு கட்டினான். பிளான் அவனே போட்டது. கிரகப்பிரவேசத்தில் அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினான். ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பிள்ளைகளைக் கேளுங்கள். அப்புறம் கணக்குப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார், திண்டிவனம்