உடைந்த கப்பலும் ஒற்றைப் படிகமும்

1943 ஜனவரி 16. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம், போர்ட்லண்ட். ஷெனக்டடி என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல், வெள்ளோட்டம் முடித்துத் துறையில் கட்டி நிற்கிறது. புயல் இல்ல, அலை இல்ல, குண்டும் விழல. குளிர் மட்டும்தான். ராத்திரி திடீர்னு ஒரு பயங்கர சத்தம். பார்த்தா கப்பல் நடுவுல பிளந்து கிடக்கு.

போர் அவசரத்தில் அமெரிக்கா வெல்டிங் கப்பல்களை மளமளவென்று கட்டித் தள்ளிய காலம். லிபர்ட்டி கப்பல்கள் மட்டுமே 2,700-க்கு மேல். அவற்றில் பலவற்றில் விரிசல் விழுந்தது, சில இரண்டாகவே உடைந்தன. எல்லாரும் வெல்டிங்கைத்தான் கை காட்டினாங்க. பிரிட்டனில் இந்த ஆராய்ச்சி கேம்பிரிட்ஜில் இருந்த கான்ஸ்டன்ஸ் டிப்பரிடம் வந்தது.

ஏன் அவங்க? அதுக்கு ஒரு இருபது வருஷம் பின்னாடி போகணும்.

பழைய ஜி.ஐ. வாளியை உத்துப் பார்த்திருக்கீங்களா? மேல பூப்பூவா ஒரு மினுமினுப்பு இருக்கும். ஒவ்வொரு பூவும் துத்தநாகத்தின் ஒரு படிகம். இரும்பு, அலுமினியம் எல்லாமே இப்படித்தான், கண்ணுக்குத் தெரியாத அளவில். இந்தப் படிகங்களுக்கு கிரெயின் என்று பெயர். ஒவ்வொன்றுக்குள்ளும் அணுக்கள் வரிசை கட்டி நிற்கும். பக்கத்து கிரெயினில் அந்த வரிசை வேற பக்கம் திரும்பியிருக்கும். ரெண்டும் முட்டுற இடம்தான் கிரெயின் பவுண்டரி.

1921-ல், கல்யாணத்துக்கு முன்பு கான்ஸ்டன்ஸ் எலமாக இருந்த இவர், ஹரால்டு கார்ப்பென்டரோடு சேர்ந்து அந்த எல்லைகளையே இல்லாமல் ஆக்கினார். அலுமினியத் துண்டைக் கொஞ்சமாக இழுத்து, மெதுவாகச் சூடாக்கினால், ஒரு கிரெயின் மற்றதையெல்லாம் தின்று வளர்ந்து, முழுத் துண்டும் ஒரே படிகமாகிவிடும். 1923-ல் ஜெஃப்ரி டெய்லரும் இவரும் அப்படிப்பட்ட படிகத்தை இழுத்து அளந்தார்கள். அது ரொம்பவே மெத்து! சீட்டுக்கட்டு சரியுற மாதிரி அடுக்கடுக்கா வழுக்கிச்சு.

ஒரு அடுக்கு மொத்தமாக ஒரே நேரத்தில் நகர்வதில்லை என்று 1934-ல் டெய்லர், ஓரவான், போலன்யி மூவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். பெரிய ஜமக்காளத்தை இழுக்காம, ஒரு சுருக்கத்தை மட்டும் தள்ளிக்கிட்டே போய் நகர்த்துற மாதிரி. அந்தச் சுருக்கம்தான் டிஸ்லொகேஷன். பவுண்டரி வந்தா அது முட்டி நின்னுடும். அதனாலதான் எல்லை நிறைய இருக்கிற உலோகம் உறுதியா இருக்கு. பாடப்புத்தகத்தில் அந்த மூணு ஆண்கள் பேர் இருக்கு. 1923-ல படிகத்தை வளர்த்து அளந்தவங்க பேரும் கூடவே இருந்திருக்கணும்னு நான் நினைக்கிறேன்.

கப்பலுக்கு வருவோம். டிப்பர் காட்டியது இது: அந்த ஸ்டீல், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் வளையாது, கண்ணாடி மாதிரி பிளக்கும். வெல்டிங்குக்கும் ஒரு பங்கு உண்டு. ரிவெட் அடிச்ச கப்பல்ல தகடு முடியுற இடத்துல பெரும்பாலும் விரிசலும் நின்னுடும். வெல்டிங் பண்ணினா மொத்தக் கப்பலும் ஒரே தகடு. விரிசல் ஓடிக்கிட்டே இருக்கும். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஒற்றைப் படிகத்தில் டிஸ்லொகேஷனை நிறுத்த எல்லை இல்லை, இந்தக் கப்பலில் விரிசலை நிறுத்த எல்லை இல்லை.

1951-ல் ஹால், 1953-ல் பெட்ச் இதற்குக் கணக்கே போட்டுவிட்டார்கள். கிரெயினின் விட்டத்தைக் கால்வாசியாக்கினால், எல்லைகள் தரும் கூடுதல் வலிமை இரண்டு மடங்காகும். பொதுவா ஸ்டீலை உறுதியாக்கினா அது சீக்கிரம் உடையும். கிரெயினைச் சின்னதாக்கினா மட்டும் ரெண்டு லாபம்: வலிமையும் கூடும், உடையுற வெப்பநிலையும் இன்னும் கீழே இறங்கும். ஏன்னா ஒவ்வொரு எல்லையிலயும் விரிசல் திசை மாறித்தான் போகணும்.

டிப்பர் 1949-ல் கேம்பிரிட்ஜில் ரீடர் ஆனார். 1995-ல், 101 வயதில் இறந்தார். நூலகத்தில் தேடினா, 1935-ல வந்த படிகப் புத்தகம் எலம் பேரில இருக்கும். 1962-ல வந்த, உலோகம் உடைவதைப் பத்தின புத்தகம் டிப்பர் பேரில. ரெண்டும் ஒரே ஆள்தான்.