ஏற்று, இறக்கு, அசோக் குமார்: ஒரு பதிப்புரிமை வரலாறு

பீன்யாவின் தமிழ்ப் பேச்சைப் பற்றிய களப்பணியில் என் குறிப்பேட்டில் அடிக்கடி இடம்பெற்ற வினைச்சொற்களுள் ஒன்று ‘ஏற்று’. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்குள்ள பட்டறைகளில் வேலை பார்த்தவர்கள், வார விடுப்பு நாளில் கைபேசிக் கடைக்குப் போய் மெமரி கார்டைக் கொடுத்து, ‘நாலு படம் ஏத்திக் குடுங்க’ என்று கேட்டதை இன்றும் நினைவுகூர்கிறார்கள். கடைக்காரர் டாரன்ட் வழியாக முன்பே ‘இறக்கி’ வைத்திருப்பார். கணினித் தமிழில் பதிவேற்றம் என்றால் நம்மிடமிருந்து இணையத்துக்குச் செல்வது. பீன்யாவின் ‘ஏற்று’ கணினியிலிருந்து நம் கைக்கு வருவது. ஒரே சொல், எதிரெதிர்த் திசை. மொழியியல் மாணவருக்கு இது ஒரு சுவையான அடிக்குறிப்பு, அவ்வளவே. ஆனால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் வரலாற்றைப் படிக்கும்போது, வழக்கு முழுவதும் இந்தத் திசையைப் பற்றியதே என்று தோன்றுகிறது.

எழுபதுகளின் பிற்பகுதியில் கர்நாடகத் தொழிற்பகுதி மேம்பாட்டு வாரியம் தும்கூர் சாலையோரம் உருவாக்கிய பேட்டை பீன்யா. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அங்கே ஏராளம். அவர்களுக்குத் தமிழ்ப்படம் எப்போதும் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. 1991 காவிரிக் கலவரத்துக்குப் பின் திரையரங்குகள் தமிழ்ப்படங்களைத் திரையிட அஞ்சின. 2004இல் பிறமொழிப் படங்கள் வெளியாகி ஏழு வாரம் கழித்தே கர்நாடகத்தில் திரையிடப்பட வேண்டும் என்று கன்னடத் திரையுலகம் வலியுறுத்தியது. 2018 ஜூனில் ‘காலா’ வெளியாக உயர் நீதிமன்றம் பாதுகாப்புக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. 2025இல் ‘தக் லைஃப்’ விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. திருட்டுப் பிரதியை நான் நியாயப்படுத்தவில்லை. காசு கொடுத்துப் பார்க்க முன்வந்தவருக்கும் பல சமயம் வாசல் மூடியிருந்தது என்ற செய்தி, பதிப்புரிமை பற்றிய ஆய்வுகளில் அரிதாகவே பேசப்படுகிறது என்பதே என் குறை.

சட்டம் முதலில் தேடி வந்தது கடைக்காரரைத்தான். தமிழ்நாடு தன் 1982ஆம் ஆண்டு குண்டர் சட்டத்தில் 2004இல் ‘வீடியோ திருடர்’ என்ற வகையைச் சேர்த்தது. கர்நாடகம் தன் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தை 2014இல் திருத்தி, அதே வகையோடு ‘டிஜிட்டல் குற்றவாளி’ என்ற புதிய வகையையும் கொண்டுவந்தது. வணிக நோக்கில் நூல், இசை, திரைப்படம், மென்பொருள் ஆகியவற்றின் பதிப்புரிமையைத் தெரிந்தே மீறுபவர் அதில் அடங்குவார். இது தடுப்புக்காவல் சட்டம்: குற்றம் நிரூபிக்கப்படாமலே ஓராண்டு வரை அடைத்துவைக்கலாம். அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு கைதானவருக்கு அளிக்கும் வழக்கறிஞர் உரிமை தடுப்புக்காவலில் இருப்பவருக்குப் பொருந்தாது. ஒரு மெமரி கார்டுக் கடைக்கு இவ்வளவு பெரிய ஆயுதம். ஆயினும் அந்தக் கடைகளை ஒழித்தது குண்டர் சட்டம் அன்று. 2016 செப்டம்பரில் வந்த ஜியோவின் மலிவான இணையம். அதன்பின் ஏற்றிக் கொடுக்க ஆள் தேவைப்படவில்லை. எல்லோரும் தாமே இறக்கத் தொடங்கினர்.

இங்கேதான் திசை குழம்புகிறது. பிராம் கோஹன் 2001இல் வெளியிட்ட பிட்டாரன்ட் நெறிமுறையில் ஒரு கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒருவர் ஒரு துண்டைப் பெற்ற உடனேயே அவருடைய கணினி அதைப் பிறருக்கு அளிக்கத் தொடங்கும். பெறுதலும் கொடுத்தலும் ஒரே செயல். எனவே அறைக்குள் தனியே அமர்ந்து இறக்குபவரும், தொழில்நுட்பத்தின் கண்ணில், ஏற்றுபவரே. அவருடைய ஐ.பி. முகவரி, அதே கோப்பைப் பகிரும் கூட்டத்தில் உள்ள எவருக்கும் தெரியும். ‘தனிமையில் டாரன்ட்’ என்பது முரண்தொடர் ஆவதற்குக் காரணம் இதுதான். ஜெர்மனியில் உரிமையாளரின் வழக்கறிஞர்கள் இந்த முகவரிகளைத் திரட்டி, நீதிமன்றத்தின் வழியே இணைப்புக்குரியவரின் பெயரைப் பெற்று, இழப்பீடு கோரும் எச்சரிக்கைக் கடிதத்தை வீட்டுக்கே அனுப்புகிறார்கள். அங்கு படிக்கச் செல்லும் நம் மாணவர்களுக்கு மூத்தவர்கள் முதலில் சொல்லும் எச்சரிக்கைகளில் இதுவும் ஒன்று.

இந்தியா வேறு வழியில் சென்றது. இங்கே ஆளைத் தேடுவதற்குப் பதிலாக ஆளில்லாத ஒரு பெயர் உருவாக்கப்பட்டது. அடையாளம் தெரியாத எதிர்வாதிக்கு எதிரான உத்தரவு, இந்திய நீதிமன்றங்களில் ‘அசோக் குமார் உத்தரவு’ எனப்படுகிறது. 2002 உலகக் கோப்பைக் கால்பந்து ஒளிபரப்பு தொடர்பாக டெல்லி உயர் நீதிமன்றம் இந்த வகைத் தடையாணையை முதலில் வழங்கியது. 2012 மார்ச்சில் ‘3’ படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய தடையாணையைக் கொண்டு, இணைய நிறுவனங்கள் மே மாதத்தில் பைரேட் பே மட்டுமன்றி விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களையும் முழுமையாக மூடின. (இணையத்தில் கட்டற்றுப் பரவிய ஒரு பாட்டால் புகழ்பெற்ற படம் அது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.) குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது அந்த ஜூனில்.

அதே ஜூனில் இன்னொன்றும் நடந்தது. அதை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஆய்வு உள்ளிட்ட தனிப்பட்ட பயன்பாட்டுக்காக ஒரு படைப்பை நியாயமாகக் கையாள்வது மீறல் ஆகாது என்னும் 52ஆம் பிரிவின் விலக்கு, அதுவரை இலக்கியம், நாடகம், இசை, கலைப் படைப்புகளுக்கே உரியதாக இருந்தது. இப்போது திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் விரிந்தது. ஒரு கை அசோக் குமாருக்கு எதிராகக் கம்பியைத் துண்டித்தபோது, மறு கை அவருக்கு ஓர் உரிமையைக் கூட்டியது. ஆனால் அசோக் குமார் நீதிமன்றத்துக்கு வருவதில்லை; வரவும் முடியாது. தன் பயன்பாடு தனிப்பட்டது என்று வாதிட அங்கே ஆளே இல்லை.

2016 ஆகஸ்டில் தடுக்கப்பட்ட தளங்களில் ஓர் அறிவிப்பு தோன்றியது. பார்ப்பதும் பதிவிறக்குவதும்கூட மூன்றாண்டுச் சிறைக்கும் மூன்று லட்சம் அபராதத்துக்கும் உரிய குற்றம் என்ற தொனியில் அது எழுதப்பட்டிருந்தது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் அபராத உச்சவரம்பே இரண்டு லட்சம்தான். ‘டிஷூம்’ பட வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல், பார்ப்பது குற்றமன்று, விநியோகமும் பொதுத் திரையிடலும் விற்பனையுமே குற்றம் எனச் சுட்டி, அறிவிப்பைத் திருத்தச் செய்தார். என் கணிப்பில் இத்துறையின் முக்கியமான உத்தரவு இதுவே. ஏனெனில் திசையை மீட்டது இது. எனினும் பெறும்போதே கொடுக்கும் டாரன்ட் பயனரை இந்தப் பிரிப்பு முழுமையாகக் காப்பாற்றாது. 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம், தடுக்கப்பட்ட தளம் புதிய முகவரியில் முளைத்தால் அதையும் உடனே சேர்த்துக்கொள்ளும் ‘இயங்கு தடையாணை’யை ஏற்றது. 2022 ஏப்ரலில் செர்ட்-இன், வி.பி.என். நிறுவனங்கள் பயனர் விவரங்களை ஐந்தாண்டு சேமித்துவைக்க வேண்டும் என்றது, எக்ஸ்பிரஸ்வி.பி.என்., நார்ட்வி.பி.என். முதலியவை இந்தியாவிலிருந்த தம் சர்வர்களை அகற்றின. அசோக் குமாருக்கு முகம் கொடுக்கும் ஏற்பாடு இது எனலாம். வெளிப்படையான காரணம் பதிப்புரிமை அன்று, இணையப் பாதுகாப்பு.

இதைப் படிக்கும் ஆய்வாளர்களுக்கு இது தொலைவான கதையன்று. டெல்லிப் பல்கலைக்கழக நகலகத்துக்கு எதிராக ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் தொடுத்த வழக்கில், கையால் படியெடுக்க உரிமையுள்ளவருக்கு எந்திரம் வந்ததால் அவ்வுரிமை போய்விடாது என்று 2016 செப்டம்பரில் நீதிபதி எண்ட்லா தீர்ப்பளித்தார். எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் ஆகியவை 2020 டிசம்பரில் சை-ஹப் மீது தொடுத்த வழக்கோ வேறு விதமாய்ப் போயிற்று. புதிய கட்டுரைகளை ஏற்றுவதில்லை என அலெக்சாண்ட்ரா எல்பாக்கியான் உறுதியளித்தார். அதை மீறியதாகக் கண்டு 2025 ஆகஸ்டில் தளத்தைத் தடுக்க டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஓர் ஆய்வு மாணவர் ஒரு கட்டுரையை இறக்கிப் படிப்பது 52ஆம் பிரிவுக்குள் வருமா என்ற கேள்விக்கு அந்த உத்தரவில் விடை இல்லை.

இதற்கிடையே 2021இல், அத்தளம் அழிந்துவிடும் என்று அஞ்சிய தன்னார்வலர்கள் அதன் ஏறத்தாழ எட்டரைக் கோடிக் கட்டுரைகளை 850 டாரன்ட்களாகப் பிரித்துக் காக்க முனைந்தனர். ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம் கட்டுரைகள். ஒரே ஒரு கட்டுரைக்காக அவற்றில் ஒன்றைத் திறக்கும் மாணவர், அந்த நொடியிலேயே எவரெவர்க்கோ கட்டுரைகளைக் கொடுப்பவராகவும் ஆகிறார். இறக்கியவரா, ஏற்றியவரா? பீன்யாவில் இதற்கு இரண்டு ஆட்கள் இருந்தார்கள்: கடைக்காரர் ஒருவர், கார்டை நீட்டியவர் ஒருவர்.