ஒளிநாடாவின் சாட்சியம்: ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ குறித்து ஒரு மறுவாசிப்பு

‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ தொடரின் ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ (1992) பகுதியைப் பற்றி ஆய்வுலகில் ஒரு வாசிப்பு ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. பால் டினி எழுதி, புரூஸ் டிம் இயக்கிய இப்பகுதி, 1959 முதல் காமிக்ஸில் வெறும் உறைபனித் துப்பாக்கிக் கொள்ளையனாக இருந்துவந்த மிஸ்டர் ஃப்ரீஸுக்கு நோரா என்ற மனைவியையும் அவளை இழந்த துயரத்தையும் தந்தது. அத்துயரமே வில்லனை மனிதனாக்கியது என்பது அவ்வாசிப்பு. கதை அடுக்கப்பட்டிருக்கும் முறை இதற்கு இடம் தரவில்லை என்று கருதுகிறேன்.

துயரம் மட்டும் போதுமென்றால் தொடக்கக் காட்சியோடு வேலை முடிந்திருக்கும். நடனமங்கை உருவம் கொண்ட கண்ணாடிப் பனிக்குமிழைப் பார்த்தபடி ஃப்ரீஸ் தன் இழப்பை அங்கேயே பேசிவிடுகிறான். ஆனால் கதை அந்தப் பேச்சை உடனே சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது: கால் உறைந்துபோன தன் கையாளையே அவன் கைவிட்டுப் போகிறான், மைக்கேல் அன்சாராவின் குரலிலோ உணர்ச்சி முற்றாக வற்றியிருக்கிறது. நம் மனம் திரும்புவது, காத்கார்ப் நிறுவனத்தில் பேட்மேன் தேடியெடுத்துப் பார்க்கும் ஒளிநாடாவில்தான். விக்டர் ஃப்ரைஸ் என்ற விஞ்ஞானியாக அவன் பதிவு செய்த சோதனைக் குறிப்பு அது. நோயுற்ற நோரா உறைநிலையில் இருக்கிறாள். காவலர்களோடு நுழையும் நிறுவனத் தலைவன் ஃபெரிஸ் பாயில் சோதனையை நிறுத்தச் சொல்கிறான். ஃப்ரைஸ் துப்பாக்கியை எடுக்கிறான். பணிவதுபோல் பேசும் பாயில், அவனை ரசாயனங்களின்மேல் உதைத்துத் தள்ளுகிறான். துப்பாக்கியையும் பதிவு மறைக்கவில்லை என்பது கவனத்துக்குரியது. நம் இரக்கத்தை ஃப்ரீஸ் கேட்டுப் பெறவில்லை. ஆவணம் பெற்றுத் தருகிறது.

ஒளிநாடா முன்கதை சொல்வதற்கான வசதியான உத்தி மட்டுமே என்று மறுக்கலாம். அப்படியானால், பிடிபட்ட பேட்மேனிடம் ஃப்ரீஸே நடந்ததைச் சொல்லியிருக்கலாம். அவன் பேசவும் செய்கிறான். ஆனால் இனி கிடைக்காத வெயிலையும் கைச்சூட்டையும் பற்றித்தான். புதிய தகவல் ஒன்றுகூட அதில் இல்லை. சான்று, சாட்சியமெல்லாம் சிறுவர்களுக்கு எட்டாது என்ற ஆட்சேபத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை: குவளையை உடைத்தது யார் என்ற விசாரணைகளுக்கு நடுவில் வளர்கிறவர்கள் அவர்கள்.

ஒரு பகுதியை வைத்துத் தொடர் முழுமைக்கும் விதி வகுக்க முடியாது. அதே ஆண்டின் ‘டூ-ஃபேஸ்’ வேறு வழியில் செல்கிறது. எனினும் ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ முடியும் விதம் என் வாசிப்பையே வலுப்படுத்துகிறது. ஃப்ரீஸை வீழ்த்துவது பேட்மேனின் பணியாளர் ஆல்ஃபிரட் கொடுத்தனுப்பிய சூடான கோழி சூப். ஒளிநாடாவுக்கு அதில் பங்கே இல்லை. மனிதநேயர் என்று பாயில் பாராட்டப்படும் விழாவிலேயே, நாடாவைத் தொலைக்காட்சி நிருபர் சம்மர் கிளீசனிடம் பேட்மேன் ஒப்படைக்கிறான். அதனால் அம்பலமாகப்போவது பாயில். ஃப்ரீஸின் சிறைவாசமோ ஒரு நாளும் குறைவதில்லை.