வெட்டும் கை அறிய வேண்டியது

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருவில்லிபுத்தூருக்கு வடக்கே வத்திராயிருப்பை அடுத்து அமைந்த ஊர் கூமாப்பட்டி. வயலும் தென்னந்தோப்பும் பிளவக்கல் அணையும் அவ்வட்டாரத்தின் செல்வங்கள். 2025ஆம் ஆண்டில் இவ்வூரைப் பற்றிக் கைப்பேசியில் எடுக்கப்பட்ட சிறு படங்கள் தமிழகமெங்கும் பரவின. பார்த்தவர்கள் திரண்டு வந்தனர். அணையில் குளிக்க அனுமதியில்லை என்று அதிகாரிகள் அறிவிக்க நேர்ந்தது. காட்டப்பட்டது பொய்யன்று, அரை நிமிடத்துள் அடங்காத செய்தி விடுபட்டது, அவ்வளவே.

இன்று இராசபாளையம், திருவில்லிபுத்தூர்ப் பகுதி மாணவர் கைகளிலும் படக்கருவி இருக்கிறது. மேடையில் பாடும் கவிஞர் ஒருவரைப் பற்றிப் பத்து நிமிடக் குறும்படம் எடுப்பது அவர்களுக்கு எளிது. எடுத்ததில் எதை வெட்டுவது என்பதுதான் கடினம். அவர்களுக்கு வழிகாட்ட நம் சமுதாய வரலாற்றிலேயே ஒரு பெருமகனார் இருக்கிறார்.

மர்ஹூம் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் அவர்கள் 1874இல் நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்தார்கள். அன்று அப்பகுதி திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தது. சங்கரநாராயண அண்ணாவி என்னும் ஆசிரியரிடம் தமிழ் பயின்று, சீறாப்புராணத்திற்கு உரை கண்டார்கள். வள்ளலாரின் பாடல்களைப் பற்றி அருட்பா, மருட்பா என்று பூசல் எழுந்தபோது அருட்பாவின் பக்கம் நின்று வாதாடினார்கள். 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர்கள் முன்னிலையில் சதாவதானம் நிகழ்த்தினார்கள். 1950இல் மறைந்த அன்னாருக்கு 2008இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

அவதானம் என்பது ஒரே நேரத்தில் பலவற்றில் மனத்தைச் செலுத்தும் கலை. அடிக்கப்படும் மணியை எண்ண வேண்டும். முதுகில் எறியப்படும் கற்களின் கணக்கைச் சொல்ல வேண்டும். ஆடுகாய் நகர்த்த வேண்டும். கணக்குக்கு விடை கூற வேண்டும். கொடுத்த ஈற்றடிக்கு வெண்பாவும் இயற்ற வேண்டும். இவ்வாறு நூறு செயல்களை ஏற்பது சதாவதானம். இங்கே கேள்வி கேட்பவர் இல்லையேல் கவிஞரும் இல்லை. அவையினர் இடைமறிப்பதும், கவிஞர் ஒரு கணம் மௌனம் காப்பதும் அக்கலையின் உறுப்புகளே.

பாவலர் அவர்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. முஸ்லிமைக் குறிக்கும் ‘துருக்கன்’ என்னும் சொல்லையும் இராமபிரானையும் பிணைத்து, ஒருவர் ஈற்றடி கொடுத்தார். மறுத்தால் தோல்வி, அப்படியே ஏற்றால் சங்கடம். பாவலர் அவர்கள் முந்திய அடியின் இறுதியில் ‘சத்’ என்னும் ஓரசையை நிறுத்தினார்கள். ‘துருக்கன்’ இராமனின் தம்பி ‘சத்துருக்கன்’ ஆகிவிட்டான்! கொடுத்த அடியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதற்கு முன்னே நிற்பது மாறியது. பொருள் முழுவதும் மாறியது.

படத்தொகுப்பின் அடிப்படை விதியும் இதுவேயன்றோ? ருஷ்ய நாட்டுக் குலெஷோவ், ஒரே முகத்தை உணவுக் கிண்ணத்தை அடுத்தும் சவப்பெட்டியை அடுத்தும் ஒட்டிக் காட்டினார் என்பர். முகம் ஒன்றே, பார்த்தவர்கள் கண்டதோ ஒருமுறை பசி, மறுமுறை துயரம். ஆகவே ஈற்றடியை மட்டும் காட்டி, முந்திய அடியை வெட்டியெறியும் மாணவர், கவிஞரின் வெற்றியையே வெட்டியெறிந்தவராவார்.

வெட்டாமலும் படமில்லை. கோட்டையூர் தந்த ஏ. கே. செட்டியார், மகாத்மா காந்தியைப் பற்றிய படச்சுருள்களை உலகெங்கும் அலைந்து திரட்டினார். கிடைத்தது ஏறத்தாழ 50,000 அடி. 1940இல் வெளியான படமோ 12,000 அடியே. நாலில் ஒரு பங்கும் இல்லை! எனினும் ஒரு மனிதரின் வாழ்வு அதில் தொடர்ச்சியாக நின்றது.

எவ்வளவு வெட்டினோம் என்பதில் குற்றமில்லை; பொருள் திரிந்ததா என்பதே கேள்வி. இதனை நம் ஹதீஸ் கலை அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுத்தனர். ஓர் அறிவிப்பைச் சுருக்கலாம். ஆனால் விடும் பகுதி, எடுக்கும் பகுதியின் பொருளோடு பிணைந்திருத்தல் கூடாது. சுருக்குபவர் அதை அறியும் தகுதி உடையவராயிருத்தல் வேண்டும் என்றனர். தொழுகை பற்றிய ஒரு திருவசனத்தில், போதை நிலையைக் குறிக்கும் பகுதியை விட்டு ஓதினால் கட்டளை தலைகீழாகும் என்று மதரஸா மாணவனும் அறிவான்.

எனவே, மேடைக் கவிஞரைப் படமாக்கும் நம் பிள்ளைகளுக்கு நாம் கூற விரும்புவது இதுதான்: விடையை வைத்துக் கேள்வியை நீக்காதீர்; கைதட்டலை வைத்து அதற்கு முந்திய மௌனத்தை நீக்காதீர். ஒரு நாள் கேட்ட கேள்விக்கு மறுநாள் சொன்ன விடையை ஒட்டாதீர். பத்துக் கவிதைகளின் துணுக்குகளைக் கோப்பதினும் ஒரு கவிதையை முழுமையாக நிற்க விடுவது நன்று. படம் முடிந்தபின், வெட்டிய பகுதிகளை அழித்துவிடாமல் பாதுகாத்து வையுங்கள். முடித்த படத்தை முதலில் கவிஞருக்கே போட்டுக் காட்டுங்கள்.

1907இல் பேசும்படம் இல்லை. தமிழில் அது வந்தது 1931இல். பாவலர் அவர்களின் சதாவதானத்தை எழுத்தாலும் செவிவழிச் செய்தியாலுமே நாம் அறிகிறோம். அன்று கருவியில்லை, இன்று கருவி உண்டு. பிறர் வாக்கு நம் கையில் ஓர் அமானிதம். அதைப் பேணும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் இளைஞர்களுக்கு அருள்வானாக! ஆமீன்.