ஆங்கில ஆசிரியரின் எளிய பக்கம்

வலையின் முதல் உலாவி படிப்பதற்கு மட்டும் ஆனதன்று. 1990இன் இறுதியில் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ தமது நெக்ஸ்ட் கணினியில் எழுதிய அந்த நிரலில், பக்கத்தைப் படிக்கலாம், அங்கேயே திருத்தலாம், புதியதும் எழுதலாம். 1993இல் வந்த மொசைக்தான் வலையைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. ஆனால் வருகிற வழியில் எழுதுகோலைத் தவறவிட்டுவிட்டது. படிப்பவர் வேறு, படைப்பவர் வேறு என்ற பிரிவினை வலையில் வேரூன்றியது அப்போதுதான். இந்தப் பிரிவினையை ஒப்புக்கொள்ளாதவர்களில் ஒரு கூட்டத்தாரைப் பற்றிக் கணினி வரலாறுகள் அதிகம் பேசுவதில்லை. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பித்த ஆசிரியர்கள் அவர்கள்.

மொழி ஆசிரியர் எக்காலத்திலும் ஒரு சிறு பதிப்பாளர்தான். எந்தப் பாடநூலும் எந்த வகுப்புக்கும் சரியாகப் பொருந்துவதில்லை. ஆகவே நேற்றைய செய்தித்தாளிலிருந்து ஒரு பத்தியை எடுத்து, சில சொற்களை நீக்கி, கோடிட்ட இடங்களாக்கி, நகலெடுத்துக் கொண்டுபோவார். இந்தக் கோடிட்ட இடத்துக்கே ஒரு வரலாறு உண்டு. 1953இல் வில்சன் டெய்லர் என்பவர் ஒரு பத்தி படிக்க எளிதா கடினமா என்று அளப்பதற்காக, சீரான இடைவெளியில் சொற்களை நீக்கிப் பார்க்கும் முறையை வகுத்தார். உரையைச் சோதிக்க வந்த கருவி பின்னாளில் மாணவனைச் சோதிக்கும் கருவியாக மாறிவிட்டது. கணினியில் பாடம் என்பதும் புதிதன்று. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ 1960இலேயே தொடங்கியது. ஆனால் அதற்குப் பெருங்கணினி வேண்டும். தனியான முனையங்கள் வேண்டும். வகுப்பாசிரியர் தம் மேசையில் அமர்ந்து செய்துகொள்ளக் கூடியதாக அது இருக்கவில்லை.

வலைப்பக்கம் அப்படியன்று. பத்தி, தலைப்பு, பட்டியல், சுட்டி ஆகியவற்றைக் குறிக்கும் பத்துப் பன்னிரண்டு குறியீடுகள் தெரிந்தால் போதும். அதற்கும் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. பிறர் செய்த பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்க்கும் வசதி உலாவியிலேயே இருந்தது. பார்த்து, படியெடுத்து, சொற்களை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். குருகுலத்தில் ஓலை படியெடுத்துப் பயின்றதைப் போன்ற கல்விதான் இது. 1995இல் கலிபோர்னியாவில் டேவ் ஸ்பெர்லிங் தொடங்கிய ஈ.எஸ்.எல். கஃபே என்ற தளம் இந்த ஆசிரியர்களின் சந்திக்கடையாயிற்று. அதே ஆண்டு ஜப்பானில், ஐச்சி தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய சார்ல்ஸ் கெல்லி 'இண்டர்நெட் டெசல் ஜர்னல்' என்ற மாத இதழை முழுக்க வலையிலேயே வெளியிடத் தொடங்கினார். 2010 வரை வந்த அவ்விதழில் பாடத்திட்டங்களும் வகுப்பில் கொடுக்கும் தாள்களும் வெளியாயின. ஆசிரியர் தமக்கென்று பக்கம் அமைப்பது எப்படி என்பதும்கூட அதில் பேசப்பட்டது.

அக்காலப் பக்கங்களை இன்று பார்த்தால் சிரிப்பு வரலாம். சாம்பல் நிறப் பின்னணி, நீலச் சுட்டிகள், இந்த வார வீட்டுப்பாடம், ஒரு சொற்பட்டியல், ஓரிரு பத்தி. அழகுணர்ச்சி இல்லாததால் அப்படிச் செய்தார்கள் என்று எண்ணினால் அது தவறு. ஜப்பானில் அப்போது பகலில் உள்ளூர்த் தொலைபேசி அழைப்புக்கு மூன்று நிமிடத்துக்குப் பத்து யென்னாக இருந்தது. இணையம் அந்தத் தொலைபேசிக் கம்பியில்தான் வந்தது. 1995இல் வந்த 'டெலிஹோதை' திட்டம் இரவு பதினொன்று முதல் காலை எட்டு வரை, முன்பே பதிந்துவைத்த எண்களுக்கு மட்டும், ஒரே கட்டணத்தில் பேச இடம் கொடுத்தது. வீட்டுப்பாடம் நள்ளிரவுப் பாடமாக மாறிய கதை இது. வினாடிக்கு 28.8 கிலோபிட் வேகமுள்ள மோடத்தில் நூறு கிலோபைட் படம் ஒன்று வந்துசேர அரை நிமிடமாகும். அதே அரை நிமிடத்தில் ஒரு சிறுகதையே வந்துவிடும். படம் வைக்காத ஆசிரியர் மாணவனின் காசை மிச்சப்படுத்தினார்.

இன்னொரு தொல்லை எழுத்து. ஆங்கிலப் பத்தி எந்தக் கணினியிலும் பழுதின்றித் தெரியும். அருகில் ஜப்பானியத்தில் பொருள் எழுதினாலோ ஷிஃப்ட்-ஜிஸ், ஈயுசி என்று குறிமுறைகள் மோதிக்கொள்ளும், வரியெல்லாம் குப்பையாகும். அதற்கு 'மொஜிபாகே' என்றே அங்கே ஒரு சொல் இருக்கிறது. எழுத்துருவை இறக்கிக்கொண்டு, கட்டம் கட்டமாய்த் தெரிந்த பக்கத்தை முறைத்துப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பயிற்சியை மாணவனே சரிபார்த்துக்கொள்ளும் வசதி ஜாவாஸ்கிரிப்டால் வந்தது. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் ஆர்னீல், மார்ட்டின் ஹோம்ஸ் இருவரும் உருவாக்கிய 'ஹாட் பொட்டேட்டோஸ்' மென்பொருள், நிரல் அறியாத ஆசிரியருக்கு அதைச் செய்து கொடுத்தது. கேள்வியையும் விடையையும் இட்டால் பக்கம் தயார். கோடிட்ட இடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகளைக் கொடுக்கலாம். ஒவ்வொரு பிழைக்கும் தனித்தனி விளக்கம் எழுதலாம். மாணவன் எங்கே இடறுவான் என்று முன்கூட்டியே யோசிக்க ஆசிரியரைக் கட்டாயப்படுத்தியதுதான் அதன் உண்மையான பயன் என்பேன். விடைகள் பக்கத்தின் மூலத்திலேயே கிடந்தன என்பது வேறு விஷயம். அதைத் தோண்டி எடுக்கத் தெரிந்த பையன் அதற்குள் பாடத்துக்கு மேலேயே ஆங்கிலம் படித்திருப்பான். இலாப நோக்கமற்ற கல்விக்கூடங்களுக்கு அதன் உரிமத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: செய்த பயிற்சியை எல்லோரும் காணும்படி வலையில் வைத்தால் காசில்லை, பூட்டி வைத்தால் காசு. 2009இல் அந்த நிபந்தனையும் நீங்கி முற்றிலும் இலவசமாயிற்று.

பக்கத்தை எங்கே வைப்பது? கல்லூரி இடம் தராதபோது பலர் ஜியோசிட்டீஸுக்குப் போனார்கள். பேட்டைகளாகப் பிரிக்கப்பட்ட அந்த ஊரில், கல்விக்கும் இலக்கியத்துக்கும் ஒதுக்கப்பட்ட பேட்டையின் பெயர் ஏதென்ஸ். பல ஆசிரியர்கள் தம் மாணவர் எழுதியவற்றையும் தங்கள் பக்கங்களில் ஏற்றினார்கள். என் ஊர், என் பாட்டி, என் நாய் என்ற வகைக் கட்டுரைகள்தாம். ஆனால் ஆங்கிலத்தில் எழுதிய முதல் பத்தியை ஆசிரியரைத் தவிர வேறொருவரும் படிக்கக்கூடும் என்ற நிலை சிவப்பு மையால் வரக்கூடியதன்று. இலக்கியச் சிற்றிதழில் முதன்முதலாக அச்சேறியவர்களுக்கு அந்த நடுக்கம் தெரியும்.

1999இல் ஜியோசிட்டீஸை யாஹூ வாங்கியது. 2009 அக்டோபர் 26 அன்று மூடியது. ஜப்பானியக் கிளை மட்டும் 2019 மார்ச் வரை நீடித்தது. குடியிருந்தவர் சொந்தமாக ஒரு படி வைத்திருந்தால் உண்டு. இல்லையேல் பாடமும் போயிற்று, பாட்டியும் போனாள். ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழுவும் இண்டர்நெட் ஆர்க்கைவும் அள்ள முடிந்ததை அள்ளி வைத்தன. பணம் செலவழித்து ஃப்ளாஷில் செய்யப்பட்ட பளபளப்பான பயிற்சிகளோ 2020 டிசம்பரில் ஃப்ளாஷ் நிறுத்தப்பட்டதும் உலாவியில் ஓடாமல் போயின. மீட்கப்பட்ட பழைய பக்கங்களில் சாதாரணக் குறியீடுகளால் ஆனவை இன்றைய உலாவியிலும் அப்படியே திறக்கின்றன: வீட்டுப்பாடம், சொற்பட்டியல், கீழே கடைசியாகப் புதுப்பித்த தேதி. சிலவற்றில் மண்வெட்டியோடு ஒரு சிறு மனிதன் இன்னும் குனிந்து நிமிர்ந்துகொண்டிருக்கிறான், பக்கம் கட்டுமானத்தில் இருக்கிறது என்று.