நோலாகின் (லினக்சு)

நோலாகின் என்பது லினக்சு, யுனிக்சு வகை இயக்குதளங்களில் பயனர்களின் புகுபதிகையைத் தற்காலிகமாகத் தடுத்து வைக்கப் பயன்படும் ஒரு கோப்பு ஆகும். இது இடிசி அடைவில் இடப்படுகின்றது (/இடிசி/நோலாகின்). வழங்கியில் வட்டு மாற்றுதல், காப்பு நகல் எடுத்தல், தரவுத்தளத்தை மேம்படுத்துதல் முதலிய பணிகள் நடக்கையில் புதிதாக எவரும் உள்நுழையாதிருக்க நிருவாகிகள் இதனைப் பயன்படுத்துவர்.

செயற்படும் முறை

இக்கோப்பு இருப்பதே தடையாகும். 'டச்' கட்டளையால் வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கினாலே போதுமானது. உள்ளே ஏதேனும் எழுதப்பட்டிருப்பின், அவ்வரிகள் புகுபதிய முயல்பவருக்குக் காட்டப்படும். பணி எப்போது முடியும் என்று அதில் எழுதி வைப்பது நல்ல வழக்கம். கோப்பு உள்ளதா எனச் சோதிப்பது 'பாம்' எனப்படும் அடையாள உறுதிப்பாட்டு அமைப்பின் ஒரு கூறு ஆகும். டெபியனிலும், அதன் வழியில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சிலும் இம்முறையே உள்ளது.

மூலப்பயனருக்கு (ரூட்) மட்டும் இத்தடை இல்லை. முன்னரே உள்நுழைந்து பணிபுரிவோரையும் இது வெளியேற்றாது. அவர்களுக்கு 'வால்' கட்டளை மூலம் அறிவிக்க வேண்டும். சிஸ்டம்டி உள்ள கணினிகளில், 'ஷட்டவுன்' கட்டளையும் குறித்த நேரத்திற்கு 5 நிமிடங்கள் முன்னர் இதே பெயரில் ஒரு கோப்பை ரன் அடைவில் இடுகின்றது. அது மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். இடிசி அடைவில் உள்ளதோ, நீக்கும் வரை நிலைத்திருக்கும்.

நிருவாகியே பூட்டப்படுதல்

தொலைவிலிருந்து எசு.எசு.எச் வழி மூலப்பயனர் நுழைவது பல வழங்கிகளில் பாதுகாப்புக் கருதித் தடுக்கப்பட்டிருக்கும். உபுண்டுவில் மூலப்பயனருக்குக் கடவுச்சொல்லே இயல்பாக அமைக்கப்படுவதில்லை. இத்தகைய கணினியில் கோப்பை இட்டபின் நிருவாகி தன் அமர்வையும் மூடிவிட்டால், திரும்ப நுழைய வழியிருக்காது. கணினியின் முன் சென்று, நிறுவல் வட்டிலிருந்து இயக்கி, கோப்பை நீக்கவேண்டி வரும். எனவே பணி முடியும்வரை மூலப்பயனர் அமர்வு ஒன்றைத் திறந்தே வைத்திருத்தல் வேண்டும்.

ஒருவரை மட்டும் தடுத்தல்

'பாஸ்வேர்டு -எல்' கட்டளை, ஷேடோ கோப்பிலுள்ள கடவுச்சொல் குறிமுறையின் முன் ஒரு வியப்புக்குறியை இட்டு அதனைப் பொருந்தாமற் செய்கின்றது. '-யு' அதனை மீட்கும். ஆனால் எசு.எசு.எச் திறவி வைத்திருப்பவர் கடவுச்சொல் இன்றியே நுழையக்கூடும் என்பது அடிக்கடி மறக்கப்படுகின்றது. முழுமையாகத் தடுக்க 'யூசர்மாட்' கட்டளையால் கணக்கின் காலாவதி நாளைக் கடந்த நாளாக மாற்ற வேண்டும்.

சிபின் அடைவிலுள்ள நோலாகின் இதனின்று வேறானது. அது ஒரு நிரல். பயனரின் ஷெல்லுக்குப் பதிலாக அமைக்கப்பட்டு, அவர் நுழைந்தவுடன் மறுப்புச் செய்தி காட்டி வெளியேற்றிவிடும்.